குப்பிக்குள் ஒரு சாட்சி

நுழையும்முன்

ஓடுகளத்தில் நிகழும் போட்டியை ஊரே கண்டு களிக்கிறது. போட்டி முடிந்தபின் சிறிய அறையொன்றில் நிகழும் மற்றொரு தேர்வை எவரும் காண்பதில்லை. ஊக்கமருந்துச் சோதனை என்னும் அத்தேர்வு இன்று உலகப் போட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. தேசிய அளவிலான இளையோர் போட்டிகளிலும் நடைபெறுகிறது. அவ்வறைக்குள் நடப்பது என்ன? அங்கே பெறப்படும் மாதிரி ஆய்வகத்தில் என்ன ஆகிறது? சோதிக்கப்படுபவரின் கடமைகளும் உரிமைகளும் யாவை? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஒரு மாத்திரையின் விலை

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 21. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சியின் மகளிர் தனிநபர் பல்திறன் பிரிவில் ருமேனியாவின் ஆண்ட்ரியா ரடுக்கான் தங்கப் பதக்கம் வென்றார். பதினேழு வயது நிறைய அவருக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. உடல் எடையோ ஏறத்தாழ 37 கிலோகிராம். 1976இல் நாடியா கொமனெச்சி வென்றபின் அப்பிரிவில் ருமேனியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

ஐந்தே நாள்களில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. போட்டிக்குமுன் சளித் தொல்லையால் அவதிப்பட்ட அவருக்கு அணியின் மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார். மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாத்திரைதான். மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎபிட்ரின் என்னும் பொருள் அதில் கலந்திருந்தது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் அன்று அதுவும் இடம்பெற்றிருந்தது. ரடுக்கானின் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 90.6 மைக்ரோகிராம் அளவில் அது காணப்பட்டது. அன்றைய வரம்பு 25 மைக்ரோகிராம்.

ஏமாற்றி வெல்லவேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இருந்ததாக எவரும் சொல்லவில்லை. எனினும், விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குழுப் போட்டியில் பெற்ற தங்கமும் தாண்டுமேடைப் பிரிவில் பெற்ற வெள்ளியும் அவரிடமே இருந்தன. மாத்திரை கொடுத்த மருத்துவர் 2004ஆம் ஆண்டு ஒலிம்பிக் வரை விலக்கி வைக்கப்பட்டார். ஆனால், பறிபோன தங்கம் திரும்பவில்லை.

ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின் அடித்தளம் ‘கடும்பொறுப்பு’ என்னும் கோட்பாடு. தம் உடலுக்குள் செல்லும் எதற்கும் விளையாட்டு வீரரே பொறுப்பு. யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்பவை பிறகு எழும் வினாக்கள். தம்மேல் தவறில்லை என மெய்ப்பித்தால் தடைக்காலம் குறையலாம், முற்றிலும் நீங்கவும் செய்யலாம். ஆயினும் அப்போட்டியில் பெற்ற வெற்றி நிலைக்காது. இக்கோட்பாடு இரக்கமற்றதாகத் தோன்றலாம். இளம் வயதினர் திறத்தில் உண்மையிலேயே சற்றுக் கடுமையானதுதான். ஆனால், ‘எனக்குத் தெரியாது’ என்னும் ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டால், தெரிந்தே உட்கொண்டவர்களும் அச்சொல்லின் நிழலிலேயே ஒதுங்குவர்.

சோதனை வந்த வழி

மருந்துண்டு வெல்லும் முயற்சி பழமையானது. அதைக் கண்டறியும் முயற்சியே புதியது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் மிதிவண்டி வீரர் குனுட் எனமார்க் யென்சன் பந்தயத்தின்போதே சரிந்து விழுந்து இறந்தார். 1967இல் பிரான்சின் வான்டூ மலையேற்றத்தில் இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் உயிரிழந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமைன் இருந்தது. அடுத்த ஆண்டே ஒலிம்பிக்கில் சோதனைகள் தொடங்கின. 1968இல் மெக்சிகோ நகரில் முதன்முதலாகத் தகுதியிழந்தவர் சுவீடனின் ஹான்ஸ் குன்னார் லில்யன்வால். துப்பாக்கி சுடுமுன் கைநடுக்கம் தணிய அவர் குடித்தது பீர்தான்! 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டு சோதனை சேர்ந்தது. 1988இல் சியோலில் நூறு மீட்டர் தொலைவை 9.79 நொடிகளில் கடந்து உலகையே வியக்கவைத்த கனடாவின் பென் ஜான்சன், மூன்று நாள்களில் ஸ்டனோசலால் என்னும் ஸ்டீராய்டால் பதக்கம் இழந்தார்.

நாட்டுக்கொரு விதி, விளையாட்டுக்கொரு பட்டியல் என்றிருந்த நிலையை மாற்ற, 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை உருவானது. ‘வாடா’ என்னும் அதன் சுருக்கப்பெயர் தமிழ்ச் செவிக்குச் சற்று வேடிக்கையாக ஒலிக்கலாம். அதன் விதிகளில் வேடிக்கை எதுவுமில்லை. 2004 முதல் நடைமுறையிலுள்ள உலக விதித்தொகுப்பு எல்லா நாடுகளுக்கும் பொது. இந்தியாவில் 2005இல் நிறுவப்பட்ட தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையாகிய ‘நாடா’ இப்பணியைச் செய்கிறது. 2022இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 3,865 மாதிரிகளுள் 125இல் தடைசெய்யப்பட்ட பொருள்கள் காணப்பட்டன. நூற்றுக்கு மூன்றுக்கும் மேற்பட்ட இவ்விகிதம், பெருமளவில் சோதனை நடத்தும் நாடுகளுள் மிக உயர்ந்தது.

அறிவிப்பு

தேசிய இளையோர் தடகளப் போட்டியில் முதலிடம் பெற்ற பள்ளி மாணவி ஒருவரை எண்ணிக்கொள்வோம். எல்லைக்கோட்டைக் கடந்து, மூச்சு அடங்குமுன்னே, கழுத்தில் அடையாள அட்டை அணிந்த ஒருவர் அவரை அணுகுகிறார். அவர் ‘உடன்செல்வோர்’ எனப்படும் பணியாளர். தம் அட்டையைக் காட்டி, ‘நீங்கள் ஊக்கமருந்துச் சோதனைக்குத் தெரிவு செய்யப்பட்டுள்ளீர்கள்’ என்று அறிவித்து, படிவத்தில் ஒப்பம் பெறுகிறார். இந்த அறிவிப்பு முன்கூட்டி வருவதில்லை. வெற்றி பெற்றவர்கள் மட்டுமே அழைக்கப்படுவர் என்பதுமில்லை. குலுக்கல் முறையிலும் ஒருவர் தெரிவாகலாம். ஆகவே, அழைப்பு என்பது ஐயத்தின் அடையாளமன்று.

ஒப்பமிட்ட அந்நொடி முதல் மாதிரி கொடுத்து முடிக்கும்வரை அம்மாணவி உடன்செல்பவரின் பார்வையைவிட்டு அகலக்கூடாது. ஆனால், உடனே அறைக்கு ஓடவேண்டும் என்னும் கட்டாயமில்லை. பரிசளிப்பு விழா, அடுத்த பந்தயம், உடலைத் தளர்த்தும் பயிற்சி, காயத்துக்கு மருத்துவம், அடையாளச் சான்று எடுத்து வருதல், துணைக்கு ஒருவரை அழைத்தல் ஆகிய காரணங்களுக்காகக் காலம் கேட்கலாம். உடன்செல்பவர் நிழல்போலத் தொடர்ந்து வருவார்.

பதினெட்டு வயது நிறையாதவர்க்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. பெற்றோர், பயிற்சியாளர், ஆசிரியர் என நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கம் வேண்டுவதில்லை. மொழி புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

தப்பியோடுதல் மட்டும் வழியன்று. சோதனைக்கு மறுப்பதும் அதிலிருந்து நழுவுவதும் மருந்து கண்டறியப்பட்டதற்கு ஒப்பான குற்றங்கள். 2023 செப்டம்பரில் தில்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டிக்கு நாடாவின் அலுவலர்கள் வந்த செய்தி பரவியதும், ஆடவர் நூறு மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். ஏனையோர் களத்துக்கே வரவில்லை. தடைதாண்டும் நெடுந்தொலைவு ஓட்டத்தில் இளையோர் பிரிவு வீராங்கனை ஒருவர் எல்லைக்கோட்டைக் கடந்தபின்னும் நில்லாமல் ஓட, அலுவலர் பின்னால் ஓடினார். செய்தித்தாள்களில் நகைச்சுவையாக இடம்பெற்ற அந்நிகழ்ச்சியில் நகைப்பதற்கு உண்மையில் எதுவுமில்லை.

அறைக்குள்

சோதனை நிலையத்தில் முத்திரை உடையாத குடிநீர்ப் புட்டிகள் இருக்கும். போட்டியில் வியர்த்து வறண்ட உடல் உடனே சிறுநீர் தருவதில்லை. ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். எனவே பலரும் குடம் குடமாக நீர் குடிக்கத் தொடங்குவர். அது தவறு. அளவுக்கு மீறிக் குடித்தால் சிறுநீர் நீர்த்துவிடும். நீர்த்த மாதிரி ஏற்கப்படாமல் மீண்டும் காத்திருக்க நேரும். சிறிது சிறிதாகக் குடித்துப் பொறுமையாக இருப்பதே விரைவான வழி.

முதலில், முத்திரையிடப்பட்ட சேகரிப்புக் கலன்கள் பல வைக்கப்படும். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்பவர் வீரரே. உறை கிழிந்துள்ளதா, கலன் தூய்மையாக உள்ளதா எனப் பார்த்து, ஐயம் தோன்றினால் வேறொன்றைக் கேட்கலாம். கைகளை நீரால் கழுவவேண்டும். கலன் வீரரின் கையிலேயே இருக்கவேண்டும். அலுவலர் அதைத் தொடுவதில்லை.

அடுத்து வருவது பலரும் கூசும் கட்டம். சிறுநீர் உடலைவிட்டு வெளியேறுவதை, அதே பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் நேரடியாகப் பார்ப்பார். மேலாடையை மார்பளவுக்கு உயர்த்தி, கீழாடையை முழங்கால்வரை இறக்கி, கைச்சட்டையை முழங்கைவரை மடித்துக்கொள்ளவேண்டும். முன்னரே அறியாத பதினாறு வயது மாணவிக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். ஆனால், இவ்விதிக்குப் பின்னால் வரலாறு உண்டு. 1978ஆம் ஆண்டு பிரான்சு மிதிவண்டிப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர்க்குரிய மஞ்சள் சட்டையை அன்றே பெற்ற பெல்ஜியத்தின் மிஷெல் பொலண்டியே, தம் அக்குளில் மறைத்த ரப்பர்ப் பையிலிருந்து மெல்லிய குழாய் வழியே பிறருடைய சிறுநீரைக் கலனில் நிரப்ப முயன்று பிடிபட்டார். அக்குளும் முழங்கையும் விதிக்குள் நுழைந்தது அத்தகைய சூழ்ச்சிகளால்தான்.

சிறார் திறத்தில் அந்த அலுவலர் முறையாக நடந்துகொள்கிறாரா என்பதைத் துணைக்கு வந்த பெரியவர் கவனிப்பார். சிறுநீர் கழிப்பதை அவர் பார்ப்பதில்லை. பார்ப்பவரையும் பார்க்க ஒருவர்!

குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். குறைந்தால், கிடைத்ததைத் தற்காலிகமாக முத்திரையிட்டு வைத்துவிட்டு மீண்டும் காத்திருப்பர். பின்னர்க் கிடைப்பதை அதனுடன் சேர்ப்பர். போதிய அளவு கிடைத்ததும், எண் பொறித்த குப்பிகள் கொண்ட பெட்டிகளுள் ஒன்றை வீரரே தெரிவு செய்வார். பெட்டியிலும் இரு குப்பிகளிலும் மூடிகளிலும் உள்ள எண் ஒன்றுதானா எனத் தம் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பிறகு தம் கையாலேயே ‘பி’ குப்பியில் குறைந்தது 30 மில்லிலிட்டரும் ‘ஏ’ குப்பியில் குறைந்தது 60 மில்லிலிட்டரும் ஊற்றவேண்டும். கலனின் அடியில் சில துளிகளை விட்டுவைக்கவேண்டும். மூடியைத் திருகினால் உள்ளிருக்கும் பற்சக்கரம் ‘டக் டக்’ என ஒலித்து இறுகும். அதன்பின் உடைக்காமல் அதைத் திறக்க இயலாது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா எனச் சரிபார்ப்பதோடு அப்பணி முடிகிறது.

எஞ்சிய துளிகளை ஒளிவிலகல்மானியில் இட்டு ஒப்படர்த்தியை அளப்பர். தூய நீரின் ஒப்படர்த்தி 1. மாதிரியின் ஒப்படர்த்தி 1.005க்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது பொது விதி. இயற்பியல் பாடத்தில் படித்த ஒளிவிலகலும் அடர்த்தியும் ஒருவரின் பதக்கத்தோடு தொடர்புகொள்ளும் இடம் இது.

இறுதியில் படிவம். கடந்த ஏழு நாள்களில் உட்கொண்ட மருந்து, சத்துமாவு, ஊட்டப்பொருள் ஆகிய அனைத்தையும் அதில் எழுதவேண்டும். பாட்டி வைத்துக் கொடுத்த கசாயமும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய லேகியமும் இதில் அடங்கும். எழுதிவிட்டதாலேயே தடைப்பொருளுக்கு மன்னிப்பு கிடைக்காது. ஆனால், பின்னர் விளக்கம் அளிக்கும் நிலை வந்தால் அப்பதிவு துணைநிற்கும். நடைமுறையில் குறை இருந்தால் குறிப்புரைப் பகுதியில் அங்கேயே எழுதிவிடவேண்டும். களைப்பிலும் வீட்டுக்குச் செல்லும் அவசரத்திலும் படிக்காமலே ஒப்பமிடுவோர் பலர். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஓராண்டு பயிற்சி செய்தவர் ஒரு பக்கம் படிக்கப் பத்து நிமிடம் ஒதுக்குவதில் இழப்பில்லை. படிவத்தின் படி ஒன்று வீரருக்குத் தரப்படும்; அதைப் பாதுகாக்கவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

சில வேளைகளில் குருதி மாதிரியும் எடுக்கப்படும். ஊசி ஏற்றுமுன் வீரர் குறைந்தது பத்து நிமிடம் அமர்ந்திருக்கவேண்டும். உடலின் நிலை மாறினால் குருதியின் செறிவும் மாறும் என்பதே காரணம். ஒருவரின் குருதி அளவுகளைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பதிந்துவைக்கும் முறைக்கு ‘உயிரியல் கடவுச்சீட்டு’ என்று பெயர். மருந்தே கண்ணில் படாவிடினும், அது உடலில் விட்டுச்சென்ற மாற்றத்தை இப்பதிவேடு காட்டிக்கொடுக்கும்.

பெயரற்ற மாதிரி

குப்பிகள் ஆய்வகத்துக்குச் செல்லும்போது அவற்றுடன் வீரரின் பெயர் செல்வதில்லை. எண் மட்டுமே செல்லும். ஆய்வு செய்பவர்க்கு அது உலகச் சாம்பியனின் மாதிரியா, பள்ளி மாணவியின் மாதிரியா என்பது தெரியாது. வாடாவின் ஏற்புப் பெற்ற ஆய்வகங்கள் உலகம் முழுவதும் ஏறத்தாழ முப்பதே உள்ளன. இந்தியாவில் தில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகம் அவற்றுள் ஒன்று. தர நெறிகளில் குறை கண்டு 2019 ஆகஸ்டில் அதன் ஏற்பை வாடா நிறுத்திவைத்தது. 2021 டிசம்பரில் மீட்டளித்தது. இடைப்பட்ட காலத்தில் இந்திய வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. சோதிப்பவரும் சோதிக்கப்படுகிறார்.

ஆய்வகத்தில் ‘ஏ’ குப்பி மட்டும் திறக்கப்படும். ‘பி’ குப்பி முத்திரையோடு உறைகுளிரில் இருக்கும். ‘ஏ’ மாதிரியின் சிறு பகுதியை எடுத்து வண்ணப்பிரிகை முறையில் அதன் கூறுகளைத் தனித்தனியே பிரிப்பர். பிரிந்து வரும் ஒவ்வொரு கூறும் நிறை நிறமாலைமானிக்குள் செல்லும். அங்கே மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்றுச் சிதறும். ஒரே வார்ப்பில் செய்த பானைகள் ஒரே வகையில் உடைவதில்லை. ஆனால் ஒரே வகை மூலக்கூறுகள் ஒரே நிலைமையில் எப்போதும் ஒரே வகையான துண்டுகளாகவே உடையும். துண்டுகளின் நிறையைப் பட்டியலிட்டால் அது கைரேகைபோல அப்பொருளை அடையாளம் காட்டும். ஐயத்துக்குரிய பொருள் தென்பட்டால், அந்த முடிவை அப்படியே அறிவிப்பதில்லை. அதே குப்பியிலிருந்து புதிதாக ஒரு பகுதியை எடுத்து, முதலிலிருந்து மீண்டும் ஆய்ந்து உறுதி செய்வர்.

இக்கருவிகளின் நுட்பத்துக்கு ஓர் ஒப்புமை. ஐம்பது மீட்டர் நீளமுள்ள ஒலிம்பிக் நீச்சல்குளத்தில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். அதில் இரண்டரை கிராம் உப்பைக் கரைத்தால், மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்னும் செறிவு கிடைக்கும். அத்தகைய செறிவில் உள்ள பொருளையும் இவற்றால் காணமுடியும்.

டெஸ்டோஸ்டீரான் போன்றவை இதைவிடக் கடினமான சிக்கலைத் தருகின்றன. அவை உடலிலேயே சுரப்பவை. ஊசிவழி ஏற்றிய டெஸ்டோஸ்டீரானும் உடல் சுரந்த டெஸ்டோஸ்டீரானும் வேதியியல் அமைப்பில் ஒன்றே. பிறகு எப்படி வேறுபடுத்துவது? விடை தாவரவியலில் இருக்கிறது. மருந்து நிறுவனங்கள் ஸ்டீராய்டைச் செய்வது பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் பொருளிலிருந்து. ஒளிச்சேர்க்கையின்போது சோயா, நெல், கோதுமை முதலியவை கார்பன்-13 என்னும் கனமான ஐசோடோப்பைப் பெரிதும் ஒதுக்கிவிடுகின்றன; கரும்பு, மக்காச்சோளம், கம்பு முதலியவை அவ்வளவாக ஒதுக்குவதில்லை. மனிதர் இருவகையையும் உண்பதால், உடல் செய்யும் ஸ்டீராய்டில் கார்பன்-13 சற்றுக் கூடுதலாக இருக்கும். அரிசியையே மிகுதியாக உண்பவருக்கு இவ்வேறுபாடு குறையுமே என்னும் வினா எழலாம். அதற்காகவே, அதே சிறுநீரில் உள்ளதும் ஊசியால் மாறாததுமான மற்றொரு ஸ்டீராய்டை அளவுகோலாக வைத்து ஒப்பிடுகின்றனர். ஒருவரை அவருடைய உடலோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஊரார் உடலோடு அன்று.

சோச்சியின் துளை

முறைகள் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் காவலரே கள்வரானால் என் செய்வது? 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவே நிகழ்ந்தது. ஆய்வகத்தின் சுவரில் ஒரு சிறு துளை. நள்ளிரவில் ரஷ்ய வீரர்களின் குப்பிகள் அத்துளை வழியே அடுத்த அறைக்குச் சென்றன. திறக்கவே முடியாது என்று உலகம் நம்பிய மூடிகளை உடைக்காமல் திறந்து, மாதங்களுக்குமுன் சேமித்துவைத்த தூய சிறுநீரை நிரப்பி, விடியுமுன் திருப்பி வைத்தனர். 2016இல் ஆய்வகத் தலைவர் கிரிகோரி ராட்சென்கோவே இதனை வெளிப்படுத்தினார்.

கனடாவின் சட்ட அறிஞர் ரிச்சர்ட் மெக்லாரன் நடத்திய விசாரணையில் குப்பிகளே சாட்சி கூறின. மூடிகளின் உட்புறத்தில் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் கீறல்கள் இருந்தன. ஒப்படர்த்தி பொருந்துவதற்காக உப்பும் நீரும் சேர்த்ததால், சில மாதிரிகளில் மனித உடலில் இருக்கவே முடியாத அளவுக்கு உப்பு இருந்தது. பெண்கள் பனிவளைகோல் அணியைச் சேர்ந்த இருவரின் மாதிரிகளில் ஆணின் மரபணு இருந்தது! அடுத்த குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யக் கொடி ஏறவில்லை.

மருந்தும் உணவும்

நோய்க்கு மருந்து உண்பதை விதிகள் தடுக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்க்கு இன்சுலின் உயிர்காக்கும் மருந்து. ஆனால், அது தடைப்பட்டியலில் உண்டு. அத்தகையோர் மருத்துவச் சான்றுகளோடு விண்ணப்பித்து, ‘மருத்துவப் பயன்பாட்டு விலக்கு’ பெறலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் குறிப்பிட்ட அளவுவரை விலக்கின்றியே ஏற்கப்படுகிறது. காய்ச்சலோ சளியோ வந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்லவேண்டியது, ‘நான் போட்டியில் கலந்துகொள்பவர்’ என்பதே.

பட்டியல் ஆண்டுதோறும் மாறுகிறது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். ரடுக்கானின் பதக்கத்தைப் பறித்த சூடோஎபிட்ரின் 2004இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2010இல் மீண்டும் சேர்க்கப்பட்டபோது வரம்பு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் என வகுக்கப்பட்டது. அவர் சிறுநீரில் இருந்தது 90.6.

குருமாவில் அரைத்துவிடும் கசகசா, அபின் எடுக்கும் செடியின் விதை. அதில் சிறிதளவு மார்ஃபின் ஒட்டியிருப்பதுண்டு. உண்டபின் சிறுநீரிலும் தென்படலாம். மார்ஃபினுக்கு வரம்பு வகுத்து, அதைக் கடந்தால் மட்டும் குற்றமாகக் கொள்வதற்கு இத்தகைய உணவுகளும் ஒரு காரணம். எனினும், போட்டிக்கு முந்தைய நாள் கசகசா அல்வாவைத் தவிர்ப்பது நல்லது.

உண்மையான இடர் ஊட்டப்பொருள்களில் இருக்கிறது. ‘உடல் தேறும், தசை வளரும்’ என விற்கப்படும் தூள் டப்பாக்களின் மேல் எழுதியிருப்பது வேறு, உள்ளே இருப்பது வேறாகலாம். 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப்பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் 94இல், உறையில் குறிப்பிடாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் கலந்திருந்தன. உடற்பயிற்சிக் கூடத்தில் அண்ணன் ஒருவர் அன்போடு கொடுக்கும் தூளுக்கும் கடும்பொறுப்பு விதி பொருந்தும்.

முடிவு வரும் நாள்

மாதிரியில் தடைப்பொருள் இருந்தால் வீரருக்குக் கடிதம் வரும். அக்கடிதம் தீர்ப்பன்று. ‘பி’ குப்பியைத் திறந்து சோதிக்குமாறு கோரும் உரிமை அவருக்கு உண்டு. திறக்கும்போது தாமோ தம் சார்பாளரோ ஆய்வகத்தில் நேரில் இருந்து, முத்திரை சிதையாமல் உள்ளதா எனக் காணலாம். ‘பி’ மாதிரி ‘ஏ’ மாதிரியின் முடிவை உறுதிசெய்யாவிடில் குற்றச்சாட்டு விழுந்துவிடும். ஒரே சிறுநீரை இரு குப்பிகளில் பிரித்துவைப்பதன் பொருள் இதுவே. அதன்பின் விசாரணைக் குழுவின் முன் விளக்கம் அளிக்கலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். குற்றம் உறுதியானால் பொதுவாக இரண்டாண்டுத் தடை. வேண்டுமென்றே செய்தது எனக் கண்டால் நான்காண்டுத் தடை. முப்பது வயதினருக்கு நான்காண்டு ஓய்வாக அமையலாம். பதினாறு வயதினருக்கு அது பள்ளி, கல்லூரிப் போட்டிகள் அனைத்தும் கடந்துபோகும் காலம்.

மாதிரியைப் பத்தாண்டுகள்வரை சேமித்துவைத்து மீண்டும் சோதிக்கவும் விதி இடமளிக்கிறது. பெய்ஜிங் 2008, லண்டன் 2012 ஒலிம்பிக் போட்டிகளின் மாதிரிகள் பல ஆண்டுகளுக்குப்பின் உறைகுளிரிலிருந்து எடுக்கப்பட்டன. ஸ்டீராய்டு உடலில் சிதைந்தபின் நெடுநாள் தங்கும் எச்சங்களைக் கண்டறியும் முறை அதற்குள் உருவாகியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அகப்பட்டனர். அவர்களுக்கு அடுத்த இடங்களில் நின்றவர்கள் பல்லாண்டு கழித்து அஞ்சலிலும் சிறு விழாக்களிலும் தம் பதக்கங்களைப் பெற்றனர்; மேடையில் ஏறிக் கொடியேற்றத்தைக் காணும் வாய்ப்பை எந்த ஆய்வகமும் அவர்களுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

மாதிரி தூயதாக இருந்தால் பெரும்பாலும் கடிதம் எதுவும் வீட்டுக்கதவைத் தட்டுவதில்லை. அம்மாணவி அடுத்த போட்டிக்கான பயிற்சியைத் தொடங்கியிருப்பார்.

கற்பவை கற்றபின்…

வீட்டிலுள்ள சளி, காய்ச்சல் மருந்துகளின் உறைகளைப் படித்து, அவற்றிலுள்ள வேதிப்பொருள்களைப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

‘கடும்பொறுப்புக் கோட்பாடு பதினெட்டு வயது நிறையாதவர்க்கும் பொருந்தவேண்டுமா?’ என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.